யானைக்கு ஒரு பங்காளி

மமியாவுக்கு ஐம்பது வயது நெருங்கும் வரை டென்ரெக் என்று ஒரு பிராணி இருப்பதே தெரியாது. தான் வேலை பார்க்கும் அதே மிருகக்காட்சிசாலையில், கூப்பிடு தூரத்தில், சிறு பிராணிகள் கூடத்தில் அது குடியிருந்தும் தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மூன்று டன் யானையோடு மல்லுக்கட்டுகிறவர் கண்ணுக்கு, உள்ளங்கையில் சுருண்டு படுக்கும் ஒரு முள் உருண்டை எங்கே படப்போகிறது? ஆனால் அந்த வசந்தத்தில், செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து குப்பையாய்க் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, எதிரே வருகிறவர் எவரானாலும் நிறுத்தி வைத்து டென்ரெக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தபால்காரர் அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகும் அளவுக்கு நிலைமை முற்றியது.

எல்லாம் சிகுசாவால் வந்தது. செதோ உள்கடலைப் பார்த்தபடி குன்றின் மேல் இருக்கும் அந்தச் சின்ன ஊர் மிருகக்காட்சிசாலையின் ஒரே யானை அவள். கூடவே இருந்த ஹத்சு என்ற கிழட்டு யானை போன குளிர்காலத்தில் செத்துப்போனாள். உடனே நகராட்சிக்கு ஞானம் பிறந்துவிட்டது. யானை கூட்டமாய் வாழ்கிற பிராணி, தனியாக வைத்திருப்பது பாவம், சொந்த பந்தம் என்று ஒரு துணையாவது வேண்டும், இலையுதிர்காலத்துக்குள் துணை கிடைக்காவிட்டால் க்யூஷூவில் ஏழு யானைகள் இருக்கும் பெரிய பூங்காவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

இன்னொரு யானை வாங்க அந்த ஊருக்கு வக்கில்லை. ஆகவே சிகுசா போகப்போகிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், மமியாவைத் தவிர. இருபத்திரண்டு வருஷமாய் அவள் முகத்தில் விழித்துத்தான் அவருக்குப் பொழுது விடிகிறது. அவள் இல்லாமல் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியவில்லை.

"மூணு டன்ல ஒரு சக்களத்தி. அவ போனா நான் ஒண்ணும் அழ மாட்டேன்" என்று அவர் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, அன்றைக்கு அவர் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு அரிசி உருண்டை கூடுதலாக வைத்தாள். அவளும் மனுஷிதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து அயாபே என்ற பெண் ஆராய்ச்சியாளர் வந்து மிருகங்களின் உறவுமுறை பற்றிப் பேசினார். மமியா பேச்சைக் கேட்கப் போகவில்லை, நாற்காலி தூக்கப் போனார். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இலவச டீக்காக வந்த ஓய்வூதியக்காரர்கள். டீ குடித்ததும் தலை தொங்கிவிட்டது.

"உருவத்த நம்பாதீங்க" என்றார் அயாபே, திரையில் ஒரு முள் உருண்டையைக் காட்டி. "இது டென்ரெக். மடகாஸ்கர்லேர்ந்து வந்தது. பாத்தா அச்சு அசல் முள்ளெலி. ஆனா டி.என்.ஏவப் பிரிச்சுப் பாத்தா முள்ளெலிக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. முள்ளெலிக்கு இதைவிடப் பூனையும் குதிரையும் திமிங்கலமும்தான் கிட்டத்து சொந்தம். இதோட சொந்தக்காரங்க யாருன்னா, யானை."

மமியா கையிலிருந்த நாற்காலிகள் மொத்தமும் தடதடவென்று விழுந்தன. ஓய்வூதியக்காரர்கள் நிலநடுக்கம் என்று நினைத்து மேஜைக்கு அடியில் புகுந்தார்கள்.

"எந்த யானை?" என்றார் மமியா.

"எல்லா யானையும்தான்."

"எங்க சிகுசாவுமா?"

அயாபே கொஞ்சம் யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "உங்க சிகுசாவுந்தான்" என்றார்.

"அதெப்படி சென்செய் அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று வாத்தியாரம்மாவைக் கேட்கும் மரியாதையோடு கேட்டார் மமியா.

"பரீட்சைல ரெண்டு பசங்க ஒரே கேள்விக்குச் சரியான விடை எழுதினா, ரெண்டு பேரும் படிச்சிருக்கலாம். ஒரே கேள்விக்கு ஒரே மாதிரி தப்பு விடை எழுதினா? அதுவும் ஒண்ணில்ல, பல எடத்துல? ஒரே பேப்பரப் பாத்து காப்பியடிச்சிருக்காங்கன்னு வாத்தியாருக்குத் தெரிஞ்சுடாதா? யானை டி.என்.ஏலயும் டென்ரெக் டி.என்.ஏலயும் அதே மாதிரி, ஒரே எடத்துல ஒரே தேவையில்லாத துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரே பாட்டன் கிட்டேர்ந்து வந்தாத்தான் அப்படி இருக்கும்."

பாட்டன் என்ற ஒரு சொல் போதும். மமியாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த பந்தம் என்று ஒரு துணையாவது வேண்டும் என்றுதானே நகராட்சி கேட்கிறது? இதோ, நாலு கட்டடம் தள்ளி ஒரு பங்காளியே உட்கார்ந்திருக்கிறானே.

அப்படியே சிறு பிராணிகள் கூடத்துக்கு ஓடினார். அங்கே ராஜ்யம் குசுமி அம்மாளுடையது. மமியாவுக்கு முந்தியே வேலைக்குச் சேர்ந்தவர். எலும்புப் பைத்தியம். டீ கெட்டிலுக்கு மேல் பலகையில், செத்துப்போன பிராணிகளின் மண்டையோடுகளைப் பெரியது சின்னதாய் வரிசைப்படுத்தி வைத்திருப்பார். மரோன் என்ற டென்ரெக்கை முள்ளெலிகளுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே "முள் நண்பர்கள்" என்று தன் கையாலேயே பெயிண்ட் அடித்திருந்தார்.

"குசுமி-சான், உங்க வீட்டுல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் தங்கியிருக்காராமே" என்றார் மமியா.

"யாரு?"

"மரோன். சிகுசாவுக்குப் பங்காளி முறை."

குசுமி அம்மாள் புழு ஊட்டிக்கொண்டிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "மமியா, மத்தியானம் ஒழுங்கா சாப்பிட்டியா நீ?"

மமியா பேச்சில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தார். குசுமி அம்மாளுக்கு முகம் சிவந்தது.

"கண்ணு தெரியுதா உனக்கு? முள்ளப் பாரு. மூக்கப் பாரு. தொட்டா சுருளுது பாரு. அங்க முள்ளெலியப் பாரு. இதுல யானை எங்கேர்ந்து வந்துச்சு? தும்பிக்கை எங்க, பாத்ரூம்ல கழட்டி வச்சிருக்கா?"

"உருவத்த நம்பக் கூடாதாம்."

"தினமும் காலைல நீ மமியாதான்னு நான் எத வச்சு நம்புறேன்? உன் ரத்தத்த எடுத்துப் பாத்துட்டா? இந்த மூஞ்சியப் பாத்துத்தான்."

மமியா விடவில்லை. பேச்சின் கடைசியில் அயாபே சொன்ன துருப்புச்சீட்டு ஒன்று அவர் கையில் இருந்தது. "உடம்புலயே அத்தாட்சி இருக்கு. யானைக்கு விதை வெளிய தொங்காது, வயித்துக்குள்ளயே இருக்கும். மரோனுக்கும் அப்படித்தானாம்."

"ஏன், முள்ளெலிக்கு மட்டும் என்ன மணி கட்டித் தொங்கவிட்டிருக்கா?" என்று கத்தினார் குசுமி அம்மாள்.

அந்த நேரம் பார்த்து, மஞ்சள் தொப்பி போட்ட பாலர் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை உள்ளே வந்தார். வந்த வேகத்தில் திரும்பிப் போனார். போகிற வழியெல்லாம் ஒரு பிள்ளை "டீச்சர், எத தொங்க விட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனது.

புகார் இயக்குநர் நிஷிவாக்கியிடம் போய்ச் சேர்ந்தது. இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் எதற்கும் ஆம் இல்லை என்று சொல்லிவிட மாட்டார். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார். நீளமாய் உறிஞ்சினால் விஷயம் கஷ்டம் என்று பொருள். அன்றைக்கு அவர் உறிஞ்சியதில் மேஜை மேலிருந்த காகிதமே அவர் பக்கம் நகர்ந்தது.

"டி.என்.ஏ ஒண்ணு சொல்லுது, உடம்பு ஒண்ணு சொல்லுது. நகராட்சிக்கு நான் எத எழுதுறது?" என்றார்.

"டி.என்.ஏவ எழுதுங்க சார். அது பொய் சொல்லாது" என்றார் மமியா.

"எலும்பு மட்டும் பொய் சொல்லுமா?" என்றார் குசுமி அம்மாள்.

"ரெண்டும் ஒண்ணு சொல்லட்டும். அப்புறம் எழுதலாம்" என்றார் நிஷிவாக்கி. அதாவது இந்த ஜன்மத்தில் நடக்காது என்பதை மரியாதையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மமியா யானைக் கொட்டடி வாசலில் மரோனின் புகைப்படத்தை ஒட்டி, "சிகுசாவின் உறவினர், விசாரிக்கவும்" என்று எழுதி வைத்தார். குசுமி அம்மாள் அதைக் கிழித்துப்போட்டார். மறுநாள் மமியா இன்னும் பெரிய படமாய் ஒட்டினார். பார்க்க வந்த ஜனங்கள் இது ஏதோ போட்டி என்று நினைத்துக்கொண்டு, பரிசு எங்கே தருகிறார்கள் என்று விசாரித்தார்கள்.

மழை ஓயும் சமயத்தில் ஒருநாள் குசுமி அம்மாள் ரப்பர் பூட்ஸோடு யானைக் கொட்டடிக்கு வந்தார். கையில் கைக்குட்டையில் பொதிந்த ஒரு சின்ன மண்டையோடு. முகம் வேப்பங்காய் தின்ற மாதிரி இருந்தது.

"இது மரோனோட அப்பன். உன் வாய அடைக்கணும்னுதான் எடுத்துப் பாத்தேன்."

"அடைச்சிட்டீங்களா?"

"பேசாம கேளு. முள்ளெலிக்குப் பால்பல்லு சீக்கிரமே விழுந்துடும். உடம்பு வளர்றதுக்குள்ள எல்லாம் மாறிடும். இவனப் பாரு. செத்தப்ப முழு வளத்தி. ஆனா பால்பல்லு இன்னும் வாயில இருக்கு. பெரிய பல்லு ஆற அமர வருது." அவர் குரல் இறங்கியது. "அந்த மாதிரி மெதுவா பல்லு மாறுற குடும்பம் எதுன்னு பொஸ்தகத்தத் தேடிப் பாத்தேன். யானை, கடல்பசு, அந்தக் கூட்டம்தான். பாதத்து எலும்பும் அந்தப் பக்கம்தான் சாயுது."

"அப்ப முள்ளு? மூக்கு?"

"ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே பொழப்பு. பூச்சி தேடித் தின்னணும், யாராவது கடிக்க வந்தா குத்தணும். தனித்தனியா முளைச்சிருக்கு. ஊருக்கு ஊரு குடை இருக்கிற மாதிரி. மழை பெஞ்சா யாரும் குடை பண்ணுவான்." அவர் மண்டையோட்டைத் திரும்பப் பொதிந்தார். "நான் பாக்க வேண்டிய எலும்ப விட்டுட்டு முள்ளப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். போதுமா? சந்தோஷமா?"

மமியாவுக்கு அந்த அம்மாளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் தன் கையெல்லாம் சாணி. ஆகவே நெற்றி முட்டியில் படக் குனிந்து வணங்கினார். குசுமி அம்மாளை அன்றிலிருந்து அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ரத்தமும் எலும்பும் ஒன்றே சொன்ன பிறகு நிஷிவாக்கிக்கு உறிஞ்சக் காற்றில்லை. ஆனாலும் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார். "துணைன்னு எழுதணும்னா முறைப்படி ஓமியாய் நடக்கணும். அதுகளுக்குள்ள பிடிச்சிருக்கான்னு பாக்கணும்ல" என்றார்.

ஓமியாய் என்றால் அந்த ஊரில் பெண் பார்க்கும் சடங்கு. மிருகக்காட்சிசாலைக்காரர்கள் எந்த இரண்டு பிராணியை முதன்முதலாகக் கம்பிக்கு இப்புறமும் அப்புறமும் நிறுத்தினாலும் அதையும் அப்படித்தான் சொல்வார்கள். மமியாவோ சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போட்டுக்கொள்ளும் ஒரே கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினார். எந்த டை என்று மனைவியைக் கேட்டார்.

"நல்லது நடந்தா வெள்ளை, கெட்டது நடந்தா கறுப்பு. எதுக்கும் ரெண்டையும் பாக்கெட்ல வச்சுக்க" என்றாள்.

அவர் வெள்ளையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெட்டி மஞ்ஜூ இனிப்பையும் அழகாகப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனார். சிகுசாவை முந்தின நாளே தேய்த்துக் குளிப்பாட்டி, நகங்களுக்கு எண்ணெய் தடவியிருந்தார்.

குசுமி அம்மாள் மரோனைத் துணி விரித்த ஒரு கூடையில், வெந்நீர்ப் பையோடு கொண்டுவந்தார். மாப்பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அயாபேயும் வந்திருந்தார். தன் ஆராய்ச்சி ஒன்று இந்த மாதிரி ஒரு முடிவுக்கு வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை போல, கேமராவைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பங்காளின்னு சொல்லிட்டுப் பொண்ணு பாக்கக் கூட்டியாரச் சொல்லியிருக்கியே, எந்த ஊர் நியாயம் இது?" என்றார் குசுமி அம்மாள்.

"கல்யாணம் யாரு பேசினா? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா போதும்" என்றார் மமியா. அவருக்கு இதில் விளையாட்டு எதுவும் இல்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் சிகுசா வந்து நின்றாள். தும்பிக்கையை நீட்டிக் கூடையை மோந்தாள். சூடான மூச்சு ஒன்றை மரோன் மேல் விட்டாள். மரோன் விழித்தான், பார்த்தான், அவன் குலத்துக்கே தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். பந்தாய்ச் சுருண்டுகொண்டான்.

"பாத்தீங்களா, வெக்கப்படுறான்" என்றார் மமியா.

நகராட்சி வைத்த கெடு முடியும் இலையுதிர்காலம் அது. கொட்டடியில் அந்த வாரம் முழுக்க அன்னாசிப்பழம் போட்டிருந்தார்கள். சிகுசா கண்ணுக்கு, முள் முள்ளாய் உருண்டையாய்க் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது என்னவாகத் தெரியும்? தும்பிக்கையால் பங்காளியை நாசூக்காக எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

குசுமி அம்மாள் போட்ட அலறலில் பக்கத்துக் கொட்டகை ஃபிளமிங்கோக்கள் மொத்தமும் தண்ணீரில் விழுந்தன. நிஷிவாக்கி வாழ்க்கையில் முதன்முறையாகக் காற்றை வெளியே விட்டார். மமியா வெள்ளை டையோடு கம்பிக்குள் பாய்ந்து, "துப்பு, துப்புடி, உறவுக்காரன் அவன்" என்று கெஞ்சினார். சிகுசா ஒரு கணம் நின்றாள், முகம் சுளித்தாள், முள் குத்தியிருக்க வேண்டும். பக்கத்து வைக்கோல் குவியலில் தூவென்று துப்பினாள். மரோன் எச்சிலில் நனைந்து, உருண்டையாகவே, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தான். குசுமி அம்மாள் அவனை மடியில் அள்ளிக்கொண்டு, "வாயேண்டா, பல்லு மெதுவா முளைக்கிறவனே" என்று சொல்லி அழுதார்.

இந்தக் களேபரத்தின் நடுவில், "பொதி வந்திருக்குங்க, ரசீதுல முத்திரை வேணும்" என்று கூரியர்காரன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். அவன் தோளில் ஒரு பெரிய மூட்டை. க்யூஷூ பூங்காவிலிருந்து வந்திருந்தது. அங்கே இருக்கும் யானைகள் படுத்துப் புரண்ட வைக்கோல். பெண் வீட்டுக்கு முன்கூட்டியே புகைப்படம் அனுப்புகிற மாதிரி, இடம் மாறப்போகிற யானைக்குப் புது வீட்டு வாசனையை அனுப்பி வைப்பது அவர்கள் வழக்கம். வாடை தாங்காமல் அந்தப் பையன் மூக்கில் துண்டைக் கட்டியிருந்தான். முத்திரையை வாங்கியதும் மூட்டையைக் கம்பியோரமாய்ப் போட்டுவிட்டு ஓடினான்.

சிகுசா தலையைத் தூக்கினாள். காதுகள் விரிந்தன. நாலே எட்டில் மூட்டையிடம் வந்து, சாக்கைக் கிழித்து, வைக்கோலை மோந்தாள். பிறகு அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காதால் கேட்டதைவிட எல்லோருக்கும் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. கேமராவை மறந்து அயாபே தன் மார்பில் கை வைத்துக்கொண்டார்.

மமியாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஹத்சு இருந்தபோது காலையில் கதவு திறந்ததும் இருவரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஹத்சு செத்ததற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே இத்தனை மாதம் கவனிக்கவில்லை. அவர் மரோனைத் தேடி ஓடிய நேரமெல்லாம் இவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

சிகுசா அந்த வைக்கோலைக் கொத்துக் கொத்தாய் எடுத்துத் தன் முதுகில் போட்டுக்கொண்டாள். நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். கொஞ்சத்தை வாயில் வைத்துக்கொண்டு, தின்னாமல் அப்படியே நின்றாள்.

"டி.என்.ஏ சொன்னது தப்பில்ல, மமியா-சான்" என்று அயாபே மெல்லச் சொன்னார். "சொந்தம்தான். ஆனா அந்தப் பாட்டன் காலம் எட்டுக் கோடி வருஷத்துக்கு முந்தி."

"பல்லும் தப்பில்ல" என்றார் குசுமி அம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"யாரும் தப்பா சொல்லல" என்றார் மமியா. "அவ கிட்டத்தான் நாம யாரும் கேக்கல." பிறகு நிஷிவாக்கியைப் பார்த்தார். "எழுதுங்க சார். சிகுசா போறான்னு எழுதுங்க."

நிஷிவாக்கி காற்றை உறிஞ்சவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லோரும் போன பிறகு மமியா கம்பிக்குள் போனார். அவள் முன்காலைக் கட்டிக்கொண்டு, அந்தச் சொரசொரத் தோலில் முகத்தை வைத்துக்கொண்டு, அழவும் செய்தார். நீ அங்கே போய் என்னை நினைப்பாயா என்று கேட்டார். கோட்டெல்லாம் சேறும் வைக்கோலும்.

சிகுசா தும்பிக்கையை அவர் இடுப்பில் சுற்றினாள். மெதுவாக, நோகாமல், அவரைத் தூக்கி ஓரடி தள்ளி வைத்தாள். அவர் மூட்டையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.